கடைசிக் கல்லை விட்ட ஈவ் மியூர்ஹெட்

வணக்கம் மக்களே. இன்றைக்குப் பேசப்போவது ஸ்காட்லாந்தின் ஈவ் மியூர்ஹெட் பற்றி. கர்லிங் வீராங்கனை.

ஆட்டம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐஸ் தளத்தில் கிட்டத்தட்ட 20 கிலோ எடையுள்ள கிரானைட் கல்லை வழுக்கி விட வேண்டும். எதிர்க்கோடியில் ஒரு வட்டம் இருக்கும். அதன் நடுவுக்கு யார் கல் பக்கத்தில் நிற்கிறதோ அவர்களுக்குப் புள்ளி. கேரம் மாதிரி எதிரணிக் கல்லை இடித்தும் வெளியே தள்ளலாம். இரண்டு பேர் கல்லுக்கு முன்னால் பிரஷ் வைத்துப் பரபரவென்று தேய்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். அப்படித் தேய்த்தால் கல் இன்னும் கொஞ்ச தூரம் போகும், வளைவதும் குறையும். இப்படி 10 சுற்று, ஒவ்வொன்றுக்கும் 'எண்ட்' என்று பெயர். என்ன ஷாட் ஆடுவது என்று முடிவெடுப்பவர் ஸ்கிப். பெரும்பாலும் கடைசிக் கல்லை விடுவதும் அவர்தான். ஈவ் ஒரு ஸ்கிப்.

பெர்த்ஷயரில் பிளேர் ஆத்தல் பக்கம் ஆட்டுப் பண்ணை வைத்திருக்கும் குடும்பம். அப்பா கார்டன் மியூர்ஹெட் 1999இல் உலக சாம்பியன் பட்டம் வென்ற ஸ்காட்லாந்து அணியில் இருந்தவர். சகோதரர்கள் க்ளென், தாமஸ் இருவரும் 2018 ஒலிம்பிக்கில் பிரிட்டன் ஆண்கள் அணியில் இருந்தார்கள். ஒரே வீட்டிலிருந்து மூன்று பேர் ஒரே ஒலிம்பிக்கில்!

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். அந்த ஆண்கள் அணியில் கைல், கேமரன் என்று ஸ்மித் சகோதரர்களும் இருந்தார்கள். அவர்களுடைய அப்பா டேவிட் ஸ்மித் 1991 உலக சாம்பியன். அவர்கள் தங்கை மிலி பின்னால் ஈவ் அணிக்கே வந்தார். 1999இல் ஈவின் அப்பா இருந்த அணிக்கு ஸ்கிப் ஹாமி மெக்மில்லன். அவர் மகன் 2022இல் ஒலிம்பிக் வெள்ளி வாங்கினார். ஸ்காட்லாந்து கர்லிங்கைச் சொந்தக்காரர்கள் கூடிய கல்யாண மண்டபம் என்றே சொல்லலாம் போல.

சரி, குடும்பம் இருந்தால் போதுமா? சீக்கிரம் ஐஸில் இறங்கலாம், கண் முன்னால் நல்ல ஆட்டம் பார்த்து வளரலாம். ஈவ் நான்கு முறை ஜூனியர் உலகப் பட்டம் வென்ற அணியில் இருந்தார். 19 வயதில் வான்கூவர் ஒலிம்பிக்கில் ஸ்கிப். 2013இல் ரீகாவில் உலக சாம்பியன். 2014 சோச்சியில் வெண்கலம். ஆனால் கடைசிக் கல்லைக் கையில் எடுக்கும்போது அப்பாவும் இல்லை, அண்ணன் தம்பியும் இல்லை. அதற்கு 2018ஐப் பார்த்தால் போதும்.

தென் கொரியாவின் பியோங்சாங். ஜப்பானுடன் வெண்கலத்துக்கான ஆட்டம். கடைசி எண்டில் பிரிட்டன் 3, ஜப்பான் 4. கடைசிக் கல் ஈவிடம். பாதுகாப்பாக ஆடி ஒரு புள்ளி எடுத்துச் சமன் செய்யலாம், ஆட்டம் கூடுதல் எண்டுக்குப் போகும். இல்லையென்றால் கடினமான ஷாட் ஆடி அங்கேயே ஜெயிக்கலாம். அவர் கடினமானதைத் தேர்ந்தெடுத்தார். தவறியது. ஜப்பானுக்கு இன்னொரு புள்ளி போய் 5-3.

"ஏன் அப்படி ஆடினார்?" என்று பலரும் கேட்டார்கள். எனக்கு அந்த முடிவில் தப்புத் தெரியவில்லை. கர்லிங்கில் புள்ளி எடுத்த அணி அடுத்த எண்டில் கடைசிக் கல் உரிமையை இழந்துவிடும். அதாவது சமன் செய்திருந்தால் கூடுதல் எண்டில் அந்த வசதி ஜப்பானுக்கு. அந்த மட்டத்து ஆட்டத்தில் அது பெரிய சாதகம். இதையும் கணக்கில் வைத்துத்தான் துணிந்திருக்கிறார். ஷாட் கைகூடவில்லை என்பது வேறு, முடிவு தப்பு என்பது வேறு.

அப்புறம் இடுப்பில் அறுவை சிகிச்சை. பழைய அணியும் கலைந்தது. 2021 உலகப் போட்டியில் முதல் ஆறு இடத்துக்குள் வரவில்லை, அதனால் நேரடி ஒலிம்பிக் வாய்ப்பும் போனது. அதன் பிறகு ஒன்பது பேரைத் திரட்டி, அவர்களிலிருந்து பயிற்சியாளர்கள் அணியைத் தேர்ந்தெடுத்தார்கள். விக்கி ரைட், ஜெனிபர் டாட்ஸ், ஹெய்லி டஃப், மிலி ஸ்மித், கூடவே ஈவ். இதில் விக்கி ரைட் ஒரு நர்ஸ், தெரியுமா? இந்த அணி அந்த வருடமே ஐரோப்பியப் பட்டம் வென்றது. டிசம்பரில் நெதர்லாந்தில் நடந்த தகுதிச் சுற்றில் பெய்ஜிங் ஒலிம்பிக்குக்கும் இடம் பிடித்தது.

பெய்ஜிங்கில் லீக் சுற்று 5 வெற்றி, 4 தோல்வி. கனடாவுக்கும் ஜப்பானுக்கும் அதே கணக்கு. அவர்களுக்குள் ஆடியதிலும் ஆளுக்கு ஒரு வெற்றி. கடைசியில் ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்பும் வட்டத்தின் நடுவை நோக்கி விடும் கற்களின் சராசரித் தூரத்தை வைத்துப் பிரித்தார்கள். கனடா வெளியே, பிரிட்டன் உள்ளே. ஆட்டமே தொடங்காத நேரத்தில் விட்ட கல் இவ்வளவு வேலை செய்கிறது, பாருங்கள்.

2022 பிப்ரவரி 20, இறுதிப் போட்டி, எதிரே மறுபடி ஜப்பான். 10-3. ஏழாவது எண்டில் ஒரே மூச்சில் 4 புள்ளி. தங்கம். அந்தக் குளிர்கால ஒலிம்பிக்கில் பிரிட்டனுக்குக் கிடைத்தது மொத்தம் இரண்டே பதக்கம், இரண்டும் கர்லிங். அதே வருடம் ஆகஸ்டில், 32 வயதில், ஈவ் ஓய்வை அறிவித்தார்.

யாராவது வீடியோ தேடிப் பார்ப்பதாக இருந்தால், இறுதிப் போட்டியை விட அரையிறுதியைத்தான் சொல்வேன். ஸ்வீடன் முதல் எண்டிலேயே 4 எடுத்துவிடும், பார்ப்பவர்களுக்கே கை நடுங்கும். கூடுதல் எண்டு வரை இழுத்து 12-11. மூன்று மணி நேரம் ஒதுக்கிக்கொண்டு உட்காருங்கள்.