முக்திநாத் விமானமும் 'முடியாது' என்ற சொல்லும்

வணக்கம் நண்பர்களே. சென்ற பதிவைப் பார்த்துவிட்டு, கடலூரை அடுத்த திருவந்திபுரத்திலிருந்து ஒரு தங்கை எழுதியிருந்தார். அவருடைய அப்பாவுக்கு எழுபது வயது கடந்துவிட்டது. நூற்றெட்டுத் திவ்ய தேசங்களில் முக்திநாத்தையாவது இந்த உடம்போடு சேவித்துவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. பொக்காராவிலிருந்து ஜோம்சோமுக்குச் சிறு விமானத்தில் போக வேண்டியிருக்கும் என்று யாத்திரை நடத்துபவர் சொல்லியிருக்கிறார். ஆனால் நேபாள விமானம் என்றாலே வீட்டில் எல்லோருக்கும் நடுக்கம். போகலாமா, கூடாதா என்பதுதான் அவருடைய கேள்வி.

இதற்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. வளைகுடாவில் ஒரு விமானப் பராமரிப்புக் கூடத்தில் பதினோரு ஆண்டுகள் டெக்னீஷியனாக வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். இப்போது புதுச்சேரி லாஸ்பேட்டை ஹெலிபேட் மைதானத்தின் ஓரத்தில், காலை நடைப்பயிற்சிக்கு வந்தவர்களுக்கு இடைஞ்சல் இல்லாத ஒரு மரத்தடியில் நின்று பேசிக்கொண்டிருக்கிறேன். நம் விமான நிலையம் இங்கிருந்து கூப்பிடு தூரம்தான்.

முதலில் என் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். ஓர் ஐப்பசி மாதம், அடைமழை நாளில், நான் ஏற வேண்டிய விமானம் இங்கே வந்து இறங்க முடியாமல், மேலே சிறிது நேரம் சுற்றிவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. கவுன்டரில் இருந்த சின்னப் பெண்ணைச் சூழ்ந்துகொண்டு பத்துப் பதினைந்து பேர் கத்தினார்கள். அவர்களுள் நானும் ஒருவன். சுமார் 1,500 மீட்டர் நீளமுள்ள ஈரமான ஓடுபாதையில், கண்ணுக்கு எதுவும் தெரியாத மழையில் இறங்காமல் திரும்பிய விமானி என்ன செய்தார் என்பது அந்தக் கூட்டத்தில் வேறு எவரையும் விட எனக்குத்தான் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். ஆனாலும் கத்தினேன், மறுநாள் எனக்கு ஒரு நேர்காணல் இருந்தது.

வளரும் நாடுகளின் விமானப் பாதுகாப்பு என்றால் பழைய விமானங்கள், பயிற்சி இல்லாத விமானிகள் என்றுதான் பொதுவாகப் பேசுகிறோம். நான் பார்த்த வரையில் விஷயம் வேறு இடத்தில் இருக்கிறது. 'இன்று முடியாது' என்று சொல்ல வேண்டியவர்கள் வரிசையாக இருக்கிறார்கள்: இறங்கக் கூடாது என்று சொல்ல வேண்டிய விமானி, கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்ல வேண்டிய பொறியாளர், உரிமத்தை நிறுத்திவைக்க வேண்டிய ஆய்வாளர். ஏழை நாடுகளில் இந்த வரிசையில் உள்ள ஒவ்வொருவருக்கும் அந்தச் சொல்லைச் சொல்வதற்கான விலை அதிகம். விமானத்தின் வயது அவ்வளவு பெரிய விஷயம் இல்லை. சரியாகப் பராமரித்தால் இருபத்தைந்து வயது விமானமும் பத்திரமாகப் பறக்கும். பராமரிப்பதற்குக் காசும், காசை விடக் கண்டிப்பும் வேண்டும் என்பதுதான் சிக்கல்.

எங்கள் தொழிலில் எம்.இ.எல். என்று ஒரு பட்டியல் உண்டு. எந்தெந்தக் கருவி பழுதாக இருந்தாலும், எத்தனை நாள் வரை, என்ன நிபந்தனைகளோடு விமானம் பறக்கலாம் என்பதை அது வரையறுக்கிறது. அது நியாயமான ஏற்பாடுதான்; இரண்டு மூன்று கருவிகள் ஒரே வேலையைச் செய்யும் இடத்தில் ஒன்று பழுதானதற்காக விமானத்தை நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் உதிரி பாகத்தை டாலரில்தான் வாங்க வேண்டும். நாட்டில் டாலர் இல்லையென்றால் பாகம் வராது. பாகம் வரவில்லையென்றால் நின்றுபோன இன்னொரு விமானத்திலிருந்து கழற்றி இதில் மாட்டுவார்கள். அதுவும் முறைப்படி, பதிவேட்டில் எழுதிச் செய்தால் தவறு இல்லை. ஆனால் அது வழக்கமாகிவிட்டால், எந்தப் பாகம் எத்தனை மணி நேரம் உழைத்தது என்ற கணக்கு எங்காவது ஓரிடத்தில் அறுந்துபோகும். பறக்கும் மணிக்கணக்கை இழந்த பாகத்தை நாங்கள் தொடவே மாட்டோம்; அதற்கும் பழைய இரும்புக்கும் வித்தியாசம் இல்லை.

டாலர் நெருக்கடி என்பது கற்பனை அல்ல. 2023-ஆம் ஆண்டின் நடுவில், விமான நிறுவனங்கள் டிக்கெட் விற்றுச் சேர்த்த பணத்தை வெளியே எடுக்க முடியாமல் நைஜீரியாவில் மட்டும் 80 கோடி டாலருக்கு மேல் சிக்கியிருந்தது. வங்கதேசமும் பாகிஸ்தானும் அதே பட்டியலில் இருந்தன. நைஜீரியாவுக்குப் பறப்பதை 2022-இன் இறுதியில் நிறுத்திய எமிரேட்ஸ் நிறுவனம் 2024 அக்டோபரில்தான் திரும்ப வந்தது. வெளிநாட்டு நிறுவனமாவது வேறு ஊருக்குப் பறந்துகொள்ளும். உள்நாட்டு நிறுவனம் குத்தகையையும் காப்பீட்டையும் டாலரில் கட்டிக்கொண்டு, டிக்கெட்டை உள்ளூர்ப் பணத்தில் விற்றுக்கொண்டு, அங்கேயே கிடக்க வேண்டியதுதான். உலக விமான நிறுவனங்களின் சங்கமான ஐயாட்டா 2025-ஆம் ஆண்டுக்குக் கணித்த நிகர லாபம் ஒரு பயணிக்குச் சுமார் 7 டாலர். ஆப்பிரிக்க நிறுவனங்களுக்கோ அது 1 டாலரைச் சற்றே தாண்டும். நம் ஊர்க் கணக்கில் இரண்டு சாப்பாட்டுக் காசு. அந்த இரண்டு சாப்பாட்டுக்குள்தான் எதிர்பாராத இயந்திரப் பழுது, தாமதம், ரத்து எல்லாம் அடங்க வேண்டும்.

நம் நாட்டையும் விட்டுவிட முடியாது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் நின்றது. கோ பர்ஸ்ட் 2023 மே மாதம் திவால் மனு கொடுத்தது. சின்ன ஊர்களை இணைக்கும் உதான் திட்டத்தைத் தணிக்கை செய்த மத்தியக் கணக்குத் தணிக்கையாளர், முதல் மூன்று சுற்றுகளில் ஒதுக்கப்பட்ட 774 வழித்தடங்களில் 112 மட்டுமே மூன்றாண்டுச் சலுகைக் காலத்தை முடித்தன என்றும், அதற்குப் பிறகும் நிலைத்தவை 54 மட்டுமே என்றும் 2023-இல் அறிக்கை கொடுத்தார். லாஸ்பேட்டைக்காரர்களுக்கு இது அறிக்கை பார்த்துத் தெரிய வேண்டிய செய்தி அல்ல. 2017 ஆகஸ்டில் ஹைதராபாத் விமானம் வந்தது. 2024 மார்ச்சுக்குப் பிறகு நின்றது. அந்த ஆண்டு டிசம்பர் 20-ஆம் தேதி ஹைதராபாத்துக்கும் பெங்களூருவுக்கும் வேறொரு நிறுவனத்தின் ஏ.டி.ஆர். என்ற சிறிய ப்ரொப்பெல்லர் விமானம் மீண்டும் வந்தது. நெய்வேலிக்கு எப்போது வரும் என்று கேட்கும் கடலூர் நண்பர்களுக்கு, உங்களோடு சேர்ந்து நானும் காத்திருக்கிறேன் என்பதே என் பதில்.

இப்போது அந்த 'முடியாது' என்ற சொல்லுக்கு வருகிறேன். 2010 மே 22 அன்று மங்களூருவில் 158 பேர் இறந்தார்கள். விமானம் உயரமாகவும் வேகமாகவும் வந்துகொண்டிருந்தது; இறங்க வேண்டாம், மறுபடி சுற்றி வரலாம் என்று துணை விமானி மூன்று முறை சொன்னார்; தலைமை விமானி கேட்கவில்லை. பயணத்தில் ஒன்றரை மணி நேரத்துக்கும் மேலாக அவர் தூங்கியிருந்தார் என்பதையும் விசாரணை பதிவு செய்தது. 2020 ஆகஸ்ட் 7 அன்று கோழிக்கோட்டில் 21 பேர் இறந்தார்கள். கொட்டும் மழை, பின்னாலிருந்து தள்ளும் காற்று, ஓடுபாதையின் நடுப்பகுதியை நெருங்கியே தரை தொட்ட சக்கரங்கள். மறுநாள் காலை அதே ஊரிலிருந்து அந்தத் தலைமை விமானியே இன்னொரு விமானத்தை ஓட்ட வேண்டியிருந்தது. அங்கே போதிய தலைமை விமானிகளை நிறுவனம் வைத்திருக்கவில்லை என்று விசாரணை அறிக்கை சுட்டிக்காட்டியது. தவறு விமானி அறையில் நடந்தது உண்மைதான். அது தொடங்கிய இடமோ, ஆள்பலத்தைக் கணக்குப் போட்டுச் சுருக்கிய ஏதோ ஓர் அலுவலக மேசை.

விமானியால் சொல்ல முடியாதபோது ஆய்வாளர் சொல்ல வேண்டும். 2014 ஜனவரியில் அமெரிக்காவின் விமானத் துறை இந்தியாவை இரண்டாம் தரத்துக்கு இறக்கியது; அதாவது, நம் நாட்டின் விமானக் கண்காணிப்பு உலகத் தரத்தில் இல்லை என்றது. முக்கியமான காரணம், நம்முடைய விமானக் கண்காணிப்பு அமைப்பான டி.ஜி.சி.ஏ.விடம் முழுநேர விமான இயக்க ஆய்வாளர்கள் போதுமான அளவில் இல்லை என்பதே. அனுபவமுள்ள விமானிக்குத் தனியார் நிறுவனம் கொடுக்கும் சம்பளத்தை அரசு கொடுப்பதில்லை. பின்னே யார் ஆய்வாளராக வருவார்கள்? ஆள் சேர்த்து 2015 ஏப்ரலில் முதல் தரத்தை மீட்டோம். 2022-இல் ஐ.நா.வின் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோ நடத்திய தணிக்கையில் 85.65 சதவீதம் வாங்கினோம், அதைப் பெருமையாகவே சொல்கிறேன். ஆனால் 2025-இல் நாடாளுமன்றக் குழு பார்த்தபோது, அதே டி.ஜி.சி.ஏ.வில் அனுமதிக்கப்பட்ட இடங்களில் ஏறக்குறைய பாதி காலியாகக் கிடந்தன. பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி படித்துத் தேறுகிற நம் பழைய பழக்கம் இதிலும் வந்துவிட்டதோ என்று எனக்குச் சந்தேகம்.

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் ஓரவஞ்சனை ஆகிவிடும். வளரும் நாடுகளில் விழுந்த விமானங்கள் எல்லாம் அந்த நாடுகளின் குற்றத்தால் விழவில்லை. 2018 அக்டோபரில் இந்தோனேசியாவில் 189 பேரும், 2019 மார்ச்சில் எத்தியோப்பியாவில் 157 பேரும் இறந்தது, புதிய போயிங் மேக்ஸ் விமானத்தின் ஒரு மென்பொருள் ஒற்றை உணர்கருவியை நம்பி மூக்கைக் கீழே தள்ளியதால். முதல் விபத்து நடந்தவுடன், பயிற்சிக் குறை, பராமரிப்புக் குறை என்று எங்கள் கூடத்திலேயே பேசினார்கள். அந்தப் பேச்சில் நானும் தலையாட்டினேன். இந்தோனேசிய அறிக்கை பராமரிப்புக் குறைகளையும் சொன்னது என்பது மெய். ஆனால் எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ் சொந்தப் பயிற்சிக் கழகமும் பெரிய பராமரிப்புக் கூடமும் வைத்திருக்கிற, ஆப்பிரிக்காவின் மிகப் பெரிய நிறுவனம். ஏழை நாட்டுக்காரன் என்பதால் சந்தேகம் முதலில் நம் மேல்தான் விழும். அதை நாமே செய்வதுதான் எனக்குக் கசப்பு.

திருந்த முடியாது என்பதும் பொய். நைஜீரியாவில் 2005 அக்டோபரில் ஒரு விமானம் விழுந்து 117 பேர் இறந்தார்கள். டிசம்பரில் இன்னொன்று விழுந்து 108 பேர் இறந்தார்கள், அவர்களில் அறுபது பேர் விடுமுறைக்கு வீடு திரும்பிய ஒரே பள்ளியின் பிள்ளைகள். 2006-இல் அந்நாடு சட்டத்தை மாற்றி, கண்காணிப்பு ஆணையத்துக்குத் தன்னாட்சி கொடுத்தது. டிக்கெட் விற்பனை மீதான 5 சதவீதக் கட்டணத்தில் அதற்கு ஒரு பங்கும் உண்டு. அமைச்சரின் தயவை எதிர்பார்க்காமல் சம்பளம் வந்தால்தான் ஆய்வாளரின் பேனாவுக்கு முதுகெலும்பு இருக்கும். 2010-இல் அமெரிக்காவின் முதல் தரம் கிடைத்தது. அதன்பின் 2012-இல் லாகோஸில் மறுபடி ஒரு பெரிய விபத்து நடந்ததும் உண்மை. ஒரு சட்டத்தோடு முடிந்துவிடும் வேலை இல்லை இது.

தங்கையின் கேள்வி நேபாளத்தைப் பற்றியது. அங்கே விமான நிலையங்களை நடத்துவதும், அவற்றைக் கண்காணிப்பதும் ஒரே ஆணையம். தேர்வு எழுதுபவரே விடைத்தாளையும் திருத்துகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2013 டிசம்பரிலிருந்து நேபாள விமான நிறுவனங்கள் அனைத்தையும் ஐரோப்பிய ஒன்றியம் தன் வானத்தில் அனுமதிப்பதில்லை. நடத்துவதையும் கண்காணிப்பதையும் தனித்தனியாகப் பிரித்துவிடுங்கள் என்பது அங்கிருந்து நெடுநாளாக வரும் கோரிக்கை. 2022 மே 29 அன்று பொக்காராவிலிருந்து ஜோம்சோம் போன சிறு விமானம் மோசமான வானிலையில் மலையில் மோதி 22 பேர் இறந்தார்கள். 2023 ஜனவரி 15 அன்று, திறந்து இரண்டே வாரமான பொக்காரா புதிய நிலையத்தில் இறங்கும்போது, இறக்கைப் பலகையை இயக்கும் நெம்புகோலுக்குப் பதிலாக ப்ரொப்பெல்லர்களின் நெம்புகோல்கள் இழுக்கப்பட்டு, இரண்டு இயந்திரங்களும் உந்துவிசை இழந்து, 72 பேர் இறந்தார்கள். அது நம் லாஸ்பேட்டைக்கு வருவதைப் போன்ற ஒரு ஏ.டி.ஆர். விமானம்தான், விமானத்தில் பழுது எதுவும் இல்லை.

ஆகவே, தங்கச்சி, என் யோசனை இது. ஜோம்சோமில் முற்பகலுக்குப் பிறகு பள்ளத்தாக்கில் காற்று எழும்பிவிடும். அதனால் அங்கே விமானங்கள் காலையில்தான் பறக்கின்றன. மழைக்காலத்தைத் தவிர்த்துவிட்டுப் போங்கள். போவதற்கும் வருவதற்கும் தலா ஒரு நாளாவது கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். ரயிலைப் பிடிப்பதுபோல, மறுநாள் காலையே காத்மாண்டுவில் அடுத்த விமானத்துக்கு டிக்கெட் போட்டுவிட்டு, ஜோம்சோமில் நின்றுகொண்டு விமானியைச் சபிக்கும் நிலைக்கு உங்களைக் கொண்டுவந்துவிடாதீர்கள். பொக்காராவிலிருந்து சாலையும் இருக்கிறது. ஒரு முழு நாள் குலுங்கும், அப்பாவின் முதுகுக்கு அது சரிப்படுமா என்பதை மருத்துவரிடம் கேளுங்கள். முக்திநாத் 3,700 மீட்டருக்கு மேல் இருப்பதால் மூச்சு பற்றியும் அப்போதே கேட்டுவிடுவது நல்லது. யாத்திரை நடத்துபவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: காலை விமானம் ரத்தானால் அவருடைய திட்டம் என்ன? 'அதெல்லாம் ரத்தாகாதும்மா, நான் பேசி ஏற்பாடு செய்துவிடுவேன்' என்று அவர் சொன்னால், வேறு ஆளைப் பாருங்கள்.