எப்பிங் காட்டுக்கு எத்தனை பேர் போயிருக்கிறீர்கள்?

(கிழக்கு லண்டனில் ஒரு தமிழ்ப் பள்ளியின் ஆண்டு விழாவில் பேசியது. அன்று வர முடியாமல் போனவர்கள் கேட்டதால் எழுதித் தருகிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம். விழாவுக்குத் தலைமை தாங்கும் ஐயா அவர்களே, மழையென்றும் பனியென்றும் பாராமல் சனிக்கிழமைதோறும் இந்தப் பள்ளிக்கூடத்தைத் திறந்து வைத்திருக்கும் தலைமை ஆசிரியை அக்கா அவர்களே, எத்தனையோ வேலைகளுக்கு நடுவில் வந்து முன்வரிசையில் இருக்கும் நகரசபை உறுப்பினர் அவர்களே, கோயில் அறங்காவலர் சபைத் தலைவர் ஐயா அவர்களே, எனக்கு முன்னால் பேசி எல்லோரையும் நிமிர்ந்து உட்கார வைத்த புலவர் ஐயா அவர்களே, மிருதங்கம் வாசித்த சின்னத் தம்பி, காலை ஆறு மணிக்கே வந்து நாற்காலி அடுக்கிய தகப்பன்மார், இந்த நிமிடமும் சமையலறையில் நிற்கும் தாய்மார், எல்லோருக்கும் நன்றி. புலவர் ஐயாவைத் தனியாக ஒருமுறை வணங்க வேண்டும். நான் இங்கே வந்த புதிதில் எனக்கு அறை தேடித் தந்தவர் அவர்தான்.

எனக்குத் தந்த தலைப்பு ‘இங்கிலாந்தின் இலையுதிர் காடுகள்’. இலை, பூ, காளான், பாதை என்று நாலு விஷயம் சொல்ல வந்திருக்கிறேன். அதற்கு முன்னால் ஒரு கேள்வி. எப்பிங் காட்டுக்குப் போனவர்கள் கையைத் தூக்குங்கள்.

ஒன்பது கைகள். இருநூறு பேருக்கு மேல் இருக்கிற மண்டபத்தில் ஒன்பது.

சரி. ஈஸ்ட் ஹாமிலும் மேனர் பார்க்கிலும் இருக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அந்தக் காடு உங்கள் தெருமுனையில் தொடங்குகிறது. வான்ஸ்டெட் பிளாட்ஸ் என்று பிள்ளைகள் பந்தடிக்கிற வெளி இருக்கிறதே, அது எப்பிங் காட்டின் தென்கோடி. அங்கே தொடங்கி வடக்கே எப்பிங் ஊரையும் தாண்டிச் சுமார் 12 மைல் போகிறது. ஏறக்குறைய 6,000 ஏக்கர். சென்ட்ரல் லைன் ரயிலில் லௌட்டனில் இறங்கி இருபது நிமிடம் நடந்தால் மரத்துக்குக் கீழே நிற்கலாம். கட்டணம் கிடையாது, கதவும் கிடையாது.

முதலில் இலை. ‘ஏன் இந்த மரமெல்லாம் ஒரேயடியாக மொட்டையாகிவிடுகிறது’ என்று என் மகள் சின்ன வயதில் கேட்டாள். குளிர்காலத்தில் வெயில் குறைவு, மண்ணில் குளிர் ஏறிவிடும், வேரால் வேண்டிய தண்ணீரை இழுக்க முடியாது. அந்த நேரத்தில் மெல்லிய அகல இலையை வைத்துக் காப்பாற்றுவது மரத்துக்கு நட்டம். அதனால் இலையிலிருக்கும் பச்சையத்தைப் பிரித்து, வேண்டிய சத்தையெல்லாம் கிளைக்குள் இழுத்துக்கொள்கிறது. பச்சை போனதும் முன்பே உள்ளே இருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. காம்பின் அடியில் தக்கை போல ஒரு படலம் கட்டி, வாசலைச் சாத்திவிடுகிறது. அப்புறம் காற்று வந்தால் போதும்.

ஆனால் ஏப்ரல் கடைசியில் போய்ப் பாருங்கள். பீச் மரம், கடற்கரை இல்லை, மரத்தின் பெயரே அதுதான், அந்த மரத்தின் புது இலை மொட்டுக்குள் விசிறி மாதிரி மடிந்து கிடந்து விரியும். விரிந்த முதல் வாரத்தில் தொட்டால் ஈரத் துணியைத் தொட்டது போல இருக்கும். விளிம்பைச் சுற்றிப் பட்டு நூல் போல வெள்ளை மயிர், குழந்தையின் காதோரம் இருக்குமே, அப்படி. வெயிலுக்கு நேரே பிடித்தால் நரம்பை எண்ணலாம். ஜூனில் அதே இலை தடித்துக் கருத்துவிடும், அந்த மயிரும் உதிர்ந்துவிடும்.

மரங்கள் முழுதாக இலை விட்டுக் கூரை போடுவதற்கு முன்னால் தரைக்குக் கொஞ்ச நாள் வெயில் கிடைக்கிறது. அதற்குள் பூத்து முடிக்க வேண்டும் என்று அவசரப்படும் பூதான் புளூபெல். வான்ஸ்டெட் பூங்காவுக்குள் ஷாலே வுட் என்று ஒரு சின்னச் சோலை. அங்கே ஏப்ரல் கடைசியில் தரை முழுக்க நீலம். விதை விழுந்து பூ வர ஐந்து வருடத்துக்கு மேல் ஆகும். இலையை மிதித்து நசுக்கினால் அடுத்த வருடத்துக்குக் கிழங்கில் சேர்த்து வைக்க அதற்கு ஒன்றும் கிடைக்காது. படம் எடுக்க ஒருவர் உள்ளே இறங்குகிறார், அவர் கால் பட்ட தடத்தில் அடுத்தவர் இறங்குகிறார். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்று என் அம்மம்மா நாளுக்கு நாலு தரம் சொல்வா. கல்லே தேயும்போது பூ என்ன செய்யும்? அதனால்தான் அங்கே தன்னார்வலர்கள் பாதையின் இரு பக்கமும் மரத்துண்டுகளை வரிசையாகக் கிடத்தியிருக்கிறார்கள். தயவுசெய்து அந்தக் கோட்டைத் தாண்டாதீர்கள், பிள்ளைகளையும் தாண்ட விடாதீர்கள்.

காளானைப் பற்றி ஒன்றே ஒன்று: எப்பிங்கில் பறிக்கக் கூடாது, சட்டப்படி குற்றம். மிச்சத்தை இன்னொரு நாள் பேசுகிறேன், ஏனென்றால் இப்போது உங்களுக்கு ஒரு கதை சொல்லியாக வேண்டும்.

அந்தக் காட்டில் ஹார்ன்பீம் என்று ஒரு மரம். பட்டை வழுவழுப்பாக, உள்ளே தசை முறுக்கிக்கொண்டு நிற்பது போல இருக்கும். ஆள் உயரத்துக்கு ஒரே அடிமரம், அதற்கு மேலே முழங்கை முழங்கையாகப் பத்துப் பதினைந்து கிளை வெடித்துக் கிளம்பும். ஊரில் வேலிப் பூவரசில் குழை வெட்டுவோமே, தோட்டத்துக்கு உரமாகவும் ஆட்டுக்குத் தீனியாகவும், வெட்ட வெட்ட, வேலியில் நட்ட கதியால் அந்த இடத்தில் முட்டிக்கொண்டு துளிர்க்குமே, அதே வேலைதான். இங்கே மாடும் மானும் எட்டாத உயரத்தில் வெட்டினார்கள், விறகுக்காக. அப்படித் தலை கழித்து வளர்த்த பழைய மரங்கள் எப்பிங்கில் 50,000க்கும் மேல். வெட்டியதால்தான் அவை இத்தனை நூற்றாண்டு நிற்கின்றன, வெட்டாமல் விட்டிருந்தால் தலைப்பாரம் தாங்காமல் பிளந்திருக்கும்.

அந்த விறகு வெட்டும் உரிமை லௌட்டன் ஊர்ச் சனங்களுக்கு வழிவழியாக இருந்தது. நவம்பர் 11 தொடங்கி ஏப்ரல் 23 வரை. ஊரில் ஒரு நம்பிக்கை: நவம்பர் 11 நள்ளிரவு மணி அடிக்கும்போது யாராவது ஒருவர் கோடரி எடுத்து முதல் கிளையை வெட்ட வேண்டும், ஒரு வருடம் தவறினாலும் உரிமை என்றைக்குமாகப் போய்விடும். காட்டு நிலத்துக்குப் பிரபுவாக இருந்தவருக்கோ வேலி போட்டு அடைத்து விற்க ஆசை. வருடம் 1860 என்கிறார்கள். அன்று இரவு பிரபு விறகு வெட்டிகள் எல்லோரையும் ‘கிங்ஸ் ஹெட்’ என்ற சத்திரத்துக்கு விருந்துக்கு அழைத்தாராம். இறைச்சி, ரொட்டி, குடம் குடமாகப் பியர். வெளியே நவம்பர்க் குளிர், உள்ளே கணப்பு. ஏழை மனிதர்கள், வயிறார ஒரு நாள் கிடைக்கிறதென்று உட்கார்ந்துவிட்டார்கள். ஒன்பது மணியாகிறது, பத்து மணியாகிறது, பாட்டு நடக்கிறது, பதினொன்று. ஒருவர் தலை மேசையில் சாய்கிறது, இன்னொருவர் கோடரி எங்கே என்றே தெரியாமல் தூங்குகிறார். பிரபுவின் ஆட்கள் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். தாமஸ் வில்லிங்கேல் என்று ஒரு கிழவர், அறுபது வயதைத் தாண்டியவர், அவரும் அங்கேதான் இருந்தார். பன்னிரண்டு அடிக்கப் போகிற நேரத்தில் எழுந்தார். கோடரியைத் தோளில் போட்டார். இருட்டுக்குள் ஸ்டேப்பிள்ஸ் குன்றில் ஏறினார், ஒரு கிளையை வெட்டினார், வெட்டிய கிளையை இழுத்துக்கொண்டு அதே சத்திரத்துக்குள் வந்து, விருந்து வைத்தவர்கள் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினார்!

ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிற ஊர்க் கதைதான் இது. ஆனால் வில்லிங்கேல் இருந்தது உண்மை, வேலி போட்டதும் உண்மை, வேலிக்குள் போய் விறகு வெட்டியதற்காக 1866இல் அவர் வீட்டுப் பிள்ளைகள் சிறைக்குப் போனதும் உண்மை. கிழவர் விடவில்லை. பொதுநிலத்தைக் காக்க அப்போதுதான் தொடங்கியிருந்த சங்கம் அவருக்குத் துணை நின்றது. 1870இல் வழக்கு முடியாமலே அவர் போய்ச் சேர்ந்தார். இன்று லௌட்டனில் அவர் பெயரில் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது.

அதற்குப் பிறகு நடந்ததை இந்தச் சபை அவசியம் கேட்க வேண்டும். மேனர் பார்க்கில் சிட்டி ஆஃப் லண்டன் மயானம் இருக்கிறது. நம்மில் எத்தனையோ பேர் அப்பாவை, அம்மாவை, சகோதரங்களை வழியனுப்பிய இடம். அந்த மயானத்துக்காக லண்டன் சிட்டி மாநகராட்சி அங்கே நிலம் வாங்கியிருந்தது. அந்த நிலத்தின் சொந்தக்காரர் என்ற வகையில் காட்டில் மாடு மேய்க்கும் பொது உரிமையும் கூடவே வந்து சேர்ந்தது. அந்த மேய்ச்சல் உரிமையைப் பிடித்துக்கொண்டுதான் 1871இல் வழக்குப் போட்டார்கள். 1874இல் தீர்ப்பு வந்தது, அடைத்த வேலிகள் செல்லாது என்று. 1878இல் எப்பிங் காட்டுச் சட்டம். 1882இல் விக்டோரியா மகாராணி அந்தக் காட்டிலுள்ள ஹை பீச் என்ற இடத்துக்கு நேரே வந்து, இந்தக் காடு என் மக்களுக்கு என்றைக்கும் உரியது என்று ஒப்படைத்துவிட்டுப் போனார். நாம் அழுதுகொண்டு நிற்கிற அந்த மண்ணை வைத்து மீட்ட காடு இது. எறும்பு ஊரக் கல்லும் தேயும், வேலியும் சாயும்.

இப்போது பாதை. நான் முக்கியமாகப் பேச வந்ததும் இதைத்தான், தலைவர் ஐயா இன்னும் ஐந்து நிமிடம் தர வேண்டும்.

இங்கிலாந்திலும் வேல்சிலும் சேர்த்துப் பொதுமக்கள் நடக்க உரிமையுள்ள பாதை ஏறத்தாழ 140,000 மைல் இருக்கிறது. பல பாதைகள் தனியார் வயலுக்குள்ளும் தனியார் காட்டுக்குள்ளும் போகின்றன. யாருக்கும் பயப்படாமல் நடக்கலாம், அது உங்கள் உரிமை. அதைவிட இன்னொன்று, 1980 நெடுஞ்சாலைச் சட்டத்தில் இருக்கிறது. ஒரு தடத்தில் பொதுமக்கள் இருபது வருடம் இடைவிடாமல், ஒளிக்காமல், அடிதடி செய்யாமல், அனுமதி கேட்காமல் நடந்து வந்தால், நிலத்துக்காரர் அதைப் பொதுப்பாதையாக விடும் எண்ணம் தனக்கு இல்லை என்று அந்தக் காலத்தில் காட்டியிராவிட்டால், அது பொதுப்பாதையாகவே ஆகிவிடும். காலால் நடந்தே ஒரு உரிமையை உண்டாக்கலாம் என்று சொல்கிற சட்டம்! எறும்பு ஊர்வதற்கு இதைவிட மரியாதை எந்த நாட்டில் கொடுத்திருக்கிறார்கள்?

ஆனால் நடக்காத பாதையில் முட்பற்றை மூடிவிடும். போன வருடம் எசெக்சில் ஒரு காட்டுப் பாதையின் வாசலில் முட்கம்பி கட்டியிருந்தது. வரைபடத்தில் பாதை இருக்கிறது, நேரில் கம்பி. திரும்பி வந்து அந்தப் பகுதி உள்ளூராட்சிச் சபைக்குக் கடிதம் எழுதினேன், பதிலில்லை. மறுபடி எழுதினேன். மூன்றாவது கடிதத்தில் பதினாறு பேர் கையெழுத்து வைத்தோம், பத்து மாதம் கழித்துக் கம்பி போய்ப் படலை வந்தது. இப்படி எழுத ஆள் வேண்டும், எழுத வேண்டுமென்றால் முதலில் போய்ப் பார்க்க வேண்டும். நகரசபை உறுப்பினர் அவர்கள் இருக்கும்போதே கேட்கிறேன்: பாதை அடைபட்டிருந்தால் முறையிடுவது எப்படி என்று தமிழில் ஒரு பக்கம் அச்சடித்துத் தாருங்கள். தலைமை ஆசிரியை அக்காவிடம் கேட்பது, ஒரு தவணைக்கு ஒரு சனிக்கிழமை வகுப்பைக் காட்டில் வையுங்கள். மரப்பட்டை, காம்பு, துளிர், சருகு, கொப்பு, வேர் என்ற சொற்களைப் பிள்ளைகள் கரும்பலகையில் பார்த்து என்ன பயன், கையில் பிடிக்க வேண்டாமா?

நம்மவர்கள் ஏன் போவதில்லை என்று எனக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் தெரு மாமி ஒருவரைக் கூட்டிப் போனேன், வன்னியில் கடைசி வரை இருந்தவர். ஹார்ன்பீம் மரங்களுக்குள் பத்தடி போனதும் நின்றுவிட்டார். ‘தம்பி, இங்கை மிதிவெடி இல்லைத்தானே?’ என்றார். நான் சிரிக்கவில்லை. நமக்குக் காடு என்றால் ஒளிந்தது, ஓடியது, காலைப் பார்த்துப் பார்த்து வைத்தது. ‘இல்லை மாமி’ என்று சொல்லி முன்னால் நடந்தேன், அவர் என் காலடி பட்ட இடத்திலேயே தன் காலையும் வைத்து வந்தார், அரை மைல் தூரம். பிறகு ஒரு பீச் மரத்தடியில் சருகு கணுக்கால் அளவு கிடந்தது. அதைக் காலால் தள்ளிப் பார்த்தார். இன்னொரு முறை தள்ளினார். அப்புறம் என்னைக் கடந்து முன்னால் போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு காலை பத்து மணி, லௌட்டன் ரயில் நிலைய வாசல். சேறு இருக்கும், செருப்பு வேண்டாம், சப்பாத்து போடுங்கள். புளிச்சாதம் நான் கொண்டு வருகிறேன். வாசல் மேசையில் ஒரு கொப்பி வைத்திருக்கிறேன், பெயர் எழுதுங்கள். முதல் பெயர் அந்த மாமியுடையது, இரண்டு பேரப்பிள்ளைகளோடு. நன்றி, வணக்கம்.