கப்பி: ஒரு குக்கிராமத்தின் பெயர் போன தூரம்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

டெங்கு பரவும் மாதங்களில் நகராட்சிப் பணியாளர்கள் தெருவுக்கு வந்து, கிணறுகளிலும் தண்ணீர் தேங்கும் இடங்களிலும் சின்னஞ்சிறு மீன்களை விட்டுச் செல்வதைப் பார்த்திருப்பீர்கள். கொசுப்புழுவைத் தின்னும் மீன்கள். கப்பி மீன் என்கிறோம். கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்க்க ஆசைப்படும் பிள்ளைகள் பலர் முதலில் வாங்குவதும் இதைத்தான். மீனுக்கு வருவதற்கு முன்னால் இது மனிதர்களின் பெயர், இங்கிலாந்தில் மிகக் குறைவான குடும்பங்களுக்கே உரிய ஒரு குடும்பப் பெயர். மனிதர்களுக்கு வருவதற்கும் முன்னால் இது ஒரு சின்ன இடத்தின் பெயர். அந்த இடத்திலிருந்து இந்தப் பெயர் எப்படிப் புறப்பட்டது, எங்கெல்லாம் போனது என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

அரிய குடும்பப் பெயர்கள் மீது எனக்கு நெடுநாளாகவே பெரும் ஈர்ப்பு உண்டு. பலரும் ஒரு பெயரின் பொருளைத் தெரிந்துகொண்டதும் நின்றுவிடுகிறார்கள். பொருள் சொல்வது பாதி வேலைகூட இல்லை. அந்தப் பெயர் எந்த மண்ணில் பிறந்தது, அதைத் தாங்கியவர்கள் எங்கே நெருக்கமாக வாழ்ந்தார்கள், எங்கே சிதறினார்கள் என்று பார்த்தால்தான் பெயருக்குள் இருக்கும் வரலாறு வெளியே வரும். இதை இந்தப் பேச்சில் நான் மீண்டும் மீண்டும் சொல்லப் போகிறேன்.

நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்தைப் போட்டுக்கொள்கிறோம். சிலர் ஊரின் எழுத்தையும் சேர்ப்பார்கள். அறிஞர் அண்ணாவின் பெயருக்கு முன்னால் வரும் இரண்டு எழுத்துகளில் ஒன்று காஞ்சிபுரத்துக்கு, மற்றொன்று நடராசனுக்கு. ஆனால் அந்த எழுத்துகள் பேரனுக்கும் கொள்ளுப்பேரனுக்கும் அப்படியே தொடர்ந்து போவதில்லை. இங்கிலாந்திலும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. 1066இல் பிரான்சின் வடபகுதியைச் சேர்ந்த நார்மானியர் படையெடுத்து வந்த பிறகு முதலில் நிலவுடைமையாளர்களிடம் மட்டும் பரம்பரைப் பெயர் வழக்கம் தொடங்கியது. சாதாரண உழவர்களிடம் அது ஊன்றுவதற்குப் பதின்மூன்றாம், பதினான்காம் நூற்றாண்டு ஆயிற்று. வடக்கே இன்னும் தாமதம். வரி வாங்குபவருக்கும் நிலக் கணக்கு எழுதுபவருக்கும் ஒரே ஊரில் பத்து ஜான்களைப் பிரித்தறிய வேண்டியிருந்தது. ஒருவர் கொல்லர், ஒருவர் ராபர்ட்டின் மகன், ஒருவர் இன்ன இடத்திலிருந்து வந்தவர். ஒருவருக்கு ஒட்டியது, பிறகு அவர் பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொண்டது.

கப்பி மூன்றாவது வகை. இங்கிலாந்தின் தென்மேற்கில், கடலோரமாக டார்செட் என்ற கவுண்டி, அதாவது நம் மாவட்டம் போன்ற ஒரு பகுதி, இருக்கிறது. அதன் மேற்கு ஓரத்தில், டெவன் கவுண்டியின் எல்லைக்குக் கிட்டத்தில், லைம் ரீஜிஸ், சார்மவுத் என்ற கடற்கரை ஊர்கள் உண்டு. பாறைகளில் பழைய உயிரினங்களின் புதைபடிவங்கள் கிடைப்பதால் உலகப் புகழ் பெற்ற கரை அது. அங்கிருந்து சற்று உள்நாட்டில் வூட்டன் ஃபிட்ஸ்பெயின் என்ற கிராமம். அந்தக் கிராமத்து எல்லைக்குள் அடங்கியது கப்பி. ஊர் என்று சொல்வதுகூட அதிகம். கப்பா என்ற பெயருடைய ஆங்கிலோ-சாக்சன் மனிதர் ஒருவர், நார்மானியருக்கு முன்பே இங்கிலாந்தில் வாழ்ந்த இனத்தவர், வேலியடைத்து வைத்திருந்த நிலம். அவ்வளவுதான் பெயரின் பொருள்.

இங்கே நீங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கப்பியிலேயே வாழ்ந்தவரை யாரும் ‘கப்பிக்காரர்’ என்று அழைத்திருக்கத் தேவையில்லை. பக்கத்துப் பள்ளத்தாக்குக்கு, அடுத்த சந்தையூருக்குக் குடிபெயர்ந்தவருக்குத்தான் அந்த அடையாளம் வேண்டியிருந்தது. இடத்தின் பெயரைத் தாங்கிய ஒவ்வொரு குடும்பப் பெயருக்கும் பின்னால் அந்த இடத்தை விட்டுக் கிளம்பிய ஒருவர் இருக்கிறார் என்று பெரும்பாலும் நம்பலாம். இடம் சிறியதாக இருந்தால் கிளம்பக்கூடிய ஆட்களும் குறைவு. கொல்லர் எல்லா ஊரிலும் இருந்தார்; அதனால் ஸ்மித் என்ற பெயர் நாடெங்கும் தனித்தனியாக ஆயிரம் இடங்களில் முளைத்தது. கப்பியிலிருந்து ஒரு குடும்பம் கிளம்பியிருக்கலாம், மிஞ்சினால் இரண்டு மூன்று. பெயர் அரிதாக இருப்பதற்கு அந்தச் சிறுமையே காரணம்.

அப்படிக் கிளம்பிய பெயர் பிழைத்துக் கிடப்பதும் உறுதியில்லை. 1348ஆம் ஆண்டு கோடையில் கருங்கொள்ளை நோய் இங்கிலாந்தில் நுழைந்த வாசல் எது தெரியுமா? இதே டார்செட்டின் கரையில், இன்று வேமவுத் நகரத்தின் பகுதியாகிவிட்ட மெல்கம் ரீஜிஸ் துறைமுகம். நாட்டு மக்களில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை மாண்டார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் கணிக்கிறார்கள். அப்போதுதான் ஊன்றத் தொடங்கியிருந்த எத்தனையோ பெயர்கள் அத்துடன் போயின. நோயே வராவிட்டாலும், பெயர் தந்தை வழியில் மட்டும் செல்வதால், ஆண் பிள்ளை இல்லாத ஒரு தலைமுறை போதும், அந்தக் கிளை நின்றுவிடும். 1874இல் பிரான்சிஸ் கால்டன் என்ற அறிவியலாளரும் ஹென்றி வாட்சன் என்ற கணித அறிஞரும் இதையே ஒரு கணக்காகப் போட்டுப் பார்த்தார்கள். குடும்பப் பெயர்கள் தற்செயலால் மட்டுமே எவ்வளவு எளிதில் அழியும் என்பது அந்தக் கணக்கின் கேள்வி. பின்னாளில் அது அணுக்கருப் பிளவின் தொடர்வினைக்கும், மரபணு மாற்றங்கள் நிலைப்பதற்கும் பயன்பட்டது. கப்பி அந்தச் சோதனையில் தப்பிய பெயர்.

இனி எனக்கு மிகவும் பிடித்த மனிதரைப் பற்றிச் சொல்கிறேன். ஹென்றி புரூம் கப்பி. 1854இல் பிறந்தவர். மருத்துவம் படித்துக் கடற்படையில் அறுவை மருத்துவராகச் சேர்ந்தார். 1880களின் தொடக்கத்தில் கடலையும் கரையையும் அளந்து வரைபடம் போடும் லார்க் என்ற கப்பலில் பசிபிக் கடலின் சாலமன் தீவுகளுக்குப் போனார். கப்பலில் வேலை மருத்துவம். மனமோ பவளப் பாறைகளிலும் செடிகொடிகளிலும். கடலுக்கு மேலே உயர்ந்து நிற்கும் பவளப் பாறைகளை அங்கே ஆராய்ந்து, பவளத் தீவுகள் எப்படி உருவாகின்றன என்பதில் சார்லஸ் டார்வினின் கருத்தையே மறுத்து எழுதினார். பிறகு இந்தியப் பெருங்கடலில் கோகோஸ் கீலிங் தீவுகளுக்குப் போனார். அங்கே கரையொதுங்கிய விதைகளைப் பொறுக்கினார். இந்த விதை இங்கே பிறந்தது அல்ல. இதன் தாய்மரம் எங்கே? எந்த நீரோட்டம் இதைக் கொண்டுவந்தது? உப்புத் தண்ணீரில் எவ்வளவு நாள் மிதந்தாலும் இது முளைக்குமா? இதே கேள்விகளோடு தேம்ஸ் நதியில் மிதந்து வரும் விதைகளையும் ஆராய்ந்தார்; ஹவாய்க்கும் பிஜிக்கும் போனார். விதைகள் பரவும் விதம் பற்றிய அவருடைய பெரிய நூல் 1906இல் வந்தது. 1918இல் பிரிட்டனின் புகழ்பெற்ற அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார்.

இந்த மனிதர்தான் 1890இல் பிரிட்டனின் குடும்பப் பெயர்கள் எந்தெந்த மண்ணுக்கு உரியவை என்று ஆராய்ந்து ஒரு நூல் எழுதினார். விதையைக் கண்டு தாய்மரத்தைத் தேடியவர், பெயரைக் கண்டு தாயூரைத் தேடினார். இரண்டும் அவருக்கு ஒரே கேள்விதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அவர் பெயரும் ஒரு சின்ன இடத்திலிருந்து கிளம்பிய பெயர் அல்லவா!

அவர் செய்த முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள், ஏனென்றால் இன்று கணினி வைத்துச் செய்பவர்களும் அதன் அடிப்படையை விட்டு விலகவில்லை. கெல்லி நிறுவனம் அந்நாளில் ஒவ்வொரு கவுண்டிக்கும் முகவரிப் புத்தகம் வெளியிட்டு வந்தது. கப்பி அதில் எல்லோரையும் எடுத்துக்கொள்ளவில்லை. உழவர்களை மட்டும் எடுத்தார். நகரத்துக்காரர் வேலைக்காக எங்கிருந்தோ வந்தவராக இருப்பார். பெருஞ்செல்வருக்கு நாலு கவுண்டியில் நிலம் இருக்கும். சொந்தமாக உழும் குடும்பம்தான் தலைமுறை தலைமுறையாக அதே மண்ணில் இருக்கும் என்பது அவர் கணிப்பு. அடுத்து, ஒரு பெயருக்கு எத்தனை பேர் என்று மட்டும் எண்ணவில்லை. அந்தக் கவுண்டியின் பத்தாயிரம் உழவர்களுக்கு எத்தனை பேர் என்று கணக்கிட்டார்.

இது ஏன் முக்கியம்? லண்டனில் ஒரு பெயர் நூறு பேருக்கு இருக்கிறது, டார்செட்டில் அறுபது பேருக்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் அது லண்டன் பெயர் என்று சொல்லிவிடுவோம். லண்டனின் மக்கள் தொகையோடு ஒப்பிட்டால் அந்த நூறு பேர் கடலில் கரைத்த பெருங்காயம். டார்செட்டில் அறுபது பேர் என்பது கெட்டியான அடையாளம். பெயரின் வீடு டார்செட்தான். எண்ணிக்கை அல்ல, விகிதம். குடும்பப் பெயர்களைத் தேடும் யாரும் இதை மறக்கக் கூடாது. எண்ணிக்கை அல்ல, விகிதம்.

அப்படிக் கணக்கிட்டுப் பெயர்களை ஆறு வகையாகப் பிரித்தார். முப்பது நாற்பது கவுண்டிகளில் பரவியவை ஒரு முனை. பெரும்பாலும் ஒரே ஒரு கவுண்டிக்குள், அதிலும் ஒரு சில கிராமங்களுக்குள் அடங்கிக் கிடப்பவை மறு முனை. ரயில் வந்து அரை நூற்றாண்டு ஆகியும், தொழிற்சாலைகள் லட்சக்கணக்கானோரை இழுத்துச் சென்றும், அந்தப் பெயர்கள் பிறந்த இடத்தைச் சுற்றியே கிடந்தன. எனக்கு இதை எண்ணும்போதெல்லாம் வியப்பு அடங்குவதில்லை. ஐந்நூறு, அறுநூறு ஆண்டுகளில் ஒரு குடும்பம் ஒரு நாள் நடைத் தூரத்துக்குள்ளேயே இருந்திருக்கிறது. 1881ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கப்பி என்ற பெயரைத் தேடினாலும் இதே கதைதான். டார்செட்டும் அதை ஒட்டிய சாமர்செட்டும் நெருக்கமான இடங்கள். அங்கிருந்து வெளியே போகப் போக மெலிந்துகொண்டே போகிறது. பொருள் தெரியாத ஒருவர்கூட அந்தப் பரவலை மட்டும் வைத்துப் பெயரின் பிறப்பிடத்துக்கு அருகில் போய்விடலாம்.

சரி, மீனுக்கு வருவோம். அது வேறொரு கப்பி. ராபர்ட் ஜான் லெச்மியர் கப்பி, 1836இல் லண்டனில் பிறந்தவர். இளம் வயதில் நியூசிலாந்துக் கரையில் கப்பல் உடைந்து, அந்நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி மக்களிடையே சில காலம் வாழ்ந்தார். பிறகு பெற்றோர் குடியேறியிருந்த கரீபியக் கடலின் டிரினிடாட் தீவுக்குச் சென்று, பள்ளிகளின் ஆய்வாளராகப் பணியாற்றினார். ஓய்வு நேரமெல்லாம் சிப்பிகள், புதைபடிவங்கள். அந்தத் தீவின் ஓடைகளிலிருந்து சிறு மீன்களைப் பிடித்து லண்டன் அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார். அங்கிருந்த ஆல்பர்ட் குந்தர் 1866இல் அதைப் புதிய இனம் என்று கருதி, அனுப்பியவரின் பெயரைச் சூட்டினார். ஆனால் அதே மீனை 1859லேயே வில்ஹெல்ம் பீட்டர்ஸ் என்ற ஜெர்மானியர் விவரித்திருந்தார். அறிவியல் விதிப்படி முந்திய பெயரே செல்லும். குந்தர் வைத்த பெயர் நூல்களிலிருந்து நீங்கியது. மக்கள் வாயிலிருந்து நீங்கவில்லை. அதனால்தான் டார்செட்டின் வேலியடைத்த நிலம் ஒன்றின் பெயரைச் சொல்லி நாம் இங்கே மீன் விடுகிறோம். கொசுவை ஒழிக்கும் என்று உலகமெங்கும் கொண்டு போய் விட்டதில் பல நாடுகளின் சொந்தச் சிறுமீன்களுக்குத் தீங்கும் நேர்ந்திருக்கிறது. அதனால் கிணற்றிலும் தொட்டியிலும் விடுங்கள், ஆற்றிலும் ஏரியிலும் கொட்டாதீர்கள்.

பிரிஸ்டல் நகரத்துக் கப்பிகளைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். கடிகாரம் முந்திக்கொண்டது. சாரா கப்பி என்ற பெண்மணி, திருமணத்தால் அந்தப் பெயரைப் பெற்றவர், பாலங்கள் அமைக்கும் முறைக்காக 1811இல் காப்புரிமை வாங்கினார். அவர் மகன் தாமஸ் கப்பி, புரூனெல் என்ற புகழ்பெற்ற பொறியாளருக்குத் தோள் கொடுத்து, கிரேட் வெஸ்டர்ன், கிரேட் பிரிட்டன் என்ற நீராவிக் கப்பல்களைக் கட்டுவதில் முன்னின்றார். டார்செட்டின் பூல் துறைமுகத்துக்கும் இன்றைய கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக்கும் இடையே நடந்த மீன் வணிகத்தோடு அட்லாண்டிக்கைக் கடந்து, அங்கேயே தங்கிவிட்ட கப்பிகளும் உண்டு.

கடைசியாக மரபணு. ஓரிரு நிமிடத்தில் சொல்லிவிடுகிறேன். தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்லும் ஒய் குரோமோசோமும் இங்கிலாந்துக் குடும்பப் பெயரும் ஒரே வழியில் பயணிப்பவை. லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் டூரி கிங், மார்க் ஜாப்ளிங் என்ற ஆய்வாளர்கள், ஒரே குடும்பப் பெயரைக் கொண்ட ஆண்களை ஒப்பிட்டார்கள். ஸ்மித்துகளிடையே தற்செயலுக்கு மேல் எந்த ஒற்றுமையும் இல்லை. அரிய பெயர்களில் நிலைமை வேறு. காந்தியடிகளின் வாழ்க்கையைப் படமாக்கிய ரிச்சர்ட் அட்டன்பரோவின் குடும்பப் பெயரும் அந்த ஆய்வில் இருந்தது. அட்டன்பரோ என்ற பெயருடைய ஆண்களில் பத்துக்கு ஏழு பேருக்கும் மேல் ஒரே வகைக் குரோமோசோம். ஒரே மூதாதையின் வழி வந்தவர்கள். பெயர் எவ்வளவு அரிதோ, அவ்வளவுக்கு உறவு நிச்சயம்.

உங்கள் உறவினர் யாராவது இங்கிலாந்தில் இருந்து, அவர்களுடைய அண்டை வீட்டுக்காரருக்கு வினோதமான குடும்பப் பெயர் இருந்தால், 1881 கணக்கெடுப்பின் பரவலில் முதலில் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கும் பின்னால் போக, 1538இல் தொடங்கிய தேவாலயப் பதிவேடுகள் இருக்கின்றன. அதற்கும் முன்னால் 1377 முதல் 1381 வரையிலான தலைவரிப் பட்டியல்கள், அதாவது ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கிய வரியின் கணக்குகள். அவற்றைப் பற்றிப் பேச இன்று நேரமில்லை. வணக்கம்.