டிமைஸ்: கடையில் செத்தது யார்?

வணக்கம் மக்களே. ஊட்டி சேரிங் கிராஸில் நிற்கிறேன். ஒரே மிஸ்ட், என் முகம் தெரியாவிட்டாலும் குரல் கேட்கும்.

போன வாரம் சித்தப்பா ஒரு கடையை வாடகைக்கு எடுக்கப் போனார். அக்ரிமென்ட் முழுக்க இங்கிலீஷ். பக்கத்துக்குப் பக்கம் 'டிமைஸ்டு பிரிமைசஸ்' என்று இருந்தது. இரங்கல் போஸ்டரில் 'சாட் டிமைஸ்', அதாவது துயர மறைவு, என்று பார்த்துப் பழகிய மனுஷன், பேனாவை மூடிவிட்டார். "ஏன்டா, இந்தக் கடையில யாரோ செத்திருக்காங்க போல. நமக்கு வேண்டாம்டா."

சிரித்துவிட்டேன். ஆனால் அவர் மேல் தப்பில்லை. லத்தீனில் 'அனுப்பிவிடு' என்று பொருள்படும் சொல், பிரெஞ்சு வழியாக இங்கிலீஷுக்கு வந்து, 15ஆம் நூற்றாண்டில் சொத்தைக் குத்தகைக்கு விடுவதைத்தான் குறித்தது. பத்திரத்தில் இருப்பது அந்தப் பழைய பொருள். வாடகைக்கு விட்ட இடம், அவ்வளவுதான்.

அப்புறம் சாவு எப்படி உள்ளே வந்தது? ராஜா மூலமாக. ராஜா செத்தால் கிரீடம் அந்த நொடியே வாரிசுக்குப் போய்விடும். அந்தக் கைமாறுதலுக்குப் பெயர் 'டிமைஸ் ஆஃப் தி கிரவுன்'. 1936இல் இங்கிலாந்து ராஜா எட்டாம் எட்வர்ட் முடி துறந்தபோதும் சட்டத்தில் இதே சொல்லைத்தான் போட்டார்கள். மனுஷன் 1972 வரை உயிரோடு இருந்தார்! கைமாறுவதற்குக் காரணம் பெரும்பாலும் சாவு என்பதால், 18ஆம் நூற்றாண்டில் சாவுக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

நிறுவனம், தொழில் எல்லாவற்றுக்கும் இதைச் சொல்லலாம். நம்ம ஊர் ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் 1960இல் தொடங்கியது. டிஜிட்டல் கேமரா வந்து ஃபிலிம் சுருளுக்கே வேலையில்லாமல் போனது. அந்த முடிவை இங்கிலீஷில் டிமைஸ் என்பார்கள். தமிழில் ஃபேக்டரிக்கு மறைவு என்று சொல்ல மாட்டோம், மூடுவிழா என்போம். எனக்கு அதுதான் பிடிக்கும், கொஞ்சம் நக்கலும் இருக்கிறது.

உச்சரிப்பு 'டெமிஸ்' இல்லை, 'டிமைஸ்'. கடைசியில் 'சைஸ்' மாதிரி ஒலிக்கும். 'ஹி டிமைஸ்டு' என்று போடாதீர்கள், 'டைடு' போதும். பேச்சிலும் வேண்டாம். வீட்டில் "தாத்தா தவறிட்டார்" என்போமே தவிர "இயற்கை எய்தினார்" என்றா சொல்வோம்?

சித்தப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப யாரும் சாகல. சரி, அட்வான்ஸைக் கொஞ்சம் குறைச்சுக் கேளு" என்றார்.