தனித்திருப்பவர் யாரிடம் விசாரிப்பார்?

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

நம் ஊரில் மருத்துவரைத் தேடும் முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். முழங்கால் வலி என்றால் பக்கத்து வீட்டில் கேட்கிறோம். பிள்ளைக்குக் காய்ச்சல் விடவில்லை என்றால் உடன் வேலை செய்பவரிடம் விசாரிக்கிறோம். "அவரிடம் காட்டுங்கள், கைராசிக்காரர்" என்று யாராவது சொல்லிவிடுகிறார், நாமும் போய்விடுகிறோம். ஆனால், பேச ஆளில்லை என்பதே ஒருவருடைய குறையாக இருக்கும்போது இந்த வழி அடைபட்டுப் போகிறது. அவர் யாரிடம் போய் விசாரிப்பார்? சமூகத் தொடர்புகள் அறுந்து தனித்துப்போனவர்கள் தமக்கேற்ற உளவியல் ஆலோசகரைக் கண்டடைவது எப்படி, கண்டடைந்தபின் அவரிடம் எதை எதிர்பார்க்கலாம் என்பது குறித்து, மருத்துவ உளவியலாளன் என்ற முறையில் இன்று பேச விழைகிறேன்.

விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்து, சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையில் வேலை பார்த்துக்கொண்டு, விடுதி அறையில் மூன்று பேருடன் தங்கியிருந்தும், வாரக் கடைசியில் ஒரு வார்த்தை பேசாமல் கைப்பேசியோடு படுத்திருக்கும் இளைஞரைப் போன்றவர்களும் எங்களிடம் வருகிறார்கள். பிள்ளைகள் அமெரிக்காவில் குடியேறிவிட, அம்பத்தூர் அடுக்ககத்தில் தனியே வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியையைப் போன்றவர்களும் வருகிறார்கள். வருகிறவர்கள் பெரும்பாலும் "தூக்கம் வரவில்லை", "பசியில்லை", "உடம்பு அசதியாக இருக்கிறது" என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். தனியாக இருக்கிறேன் என்று சொல்லிக்கொள்வது கடன் வாங்கியதைச் சொல்வதைவிடக் கூச்சமான காரியமாக நம்மிடையே இருக்கிறது. உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமை உணர்வால் பாதிக்கப்பட்டிருக்கிறார் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆணையம் 2025ஆம் ஆண்டு அறிக்கையில் தெரிவித்திருக்கிறது; எனவே கூச்சப்படுகிறவர் தம்மைப் போன்றவர்கள் அரிது என்று எண்ண வேண்டியதில்லை.

இத்தகையவரிடம் உறவினர்கள் சொல்லும் யோசனை ஒன்றே ஒன்றுதான்: "நாலு பேரோடு பழகு." நல்லெண்ணத்தில் சொல்வதுதான் என்றாலும், அது பெரும்பாலும் பலிப்பதில்லை. காரணத்தை விளக்கியவர்களுள் முதன்மையானவர், 2018இல் மறைந்த சிகாகோ பல்கலைக்கழக உளவியலாளர் ஜான் கச்சியோப்போ. நெடுநாள் தனித்திருந்தவரின் மனம் காவல்காரனைப் போல எச்சரிக்கையாகிவிடுகிறது என்பது அவருடைய ஆய்வுகளின் சாரம். எதிரில் வருபவர் சிரிக்காவிட்டால் அது வெறுப்பாகத் தோன்றுகிறது. அனுப்பிய செய்திக்குப் பதில் தாமதமானால் அது ஒதுக்குதலாகத் தோன்றுகிறது. அந்த வலியைத் தவிர்ப்பதற்காக அவர் இன்னும் ஓரடி பின்வாங்குகிறார். கச்சியோப்போவும் சக ஆய்வாளர்களும் 2011இல் வெளியிட்ட, பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்க்கும் தொகுப்பாய்வொன்று, தனிமையைக் குறைக்கக் கையாளப்பட்ட நான்கு வழிகளை ஒப்பிட்டது. பேசிப் பழகும் திறனைக் கற்பித்தல், ஆதரவு தருதல், மற்றவர்களைச் சந்திக்க வாய்ப்புகளை ஏற்படுத்துதல் ஆகிய மூன்றையும்விட, பிறரைப் பற்றி மனத்தில் ஊறிப்போன எண்ணங்களைச் சோதித்துத் திருத்தும் வழிக்கே கூடுதல் பலன் காணப்பட்டது. அந்த நான்காம் வகையில் நடந்த முறையான ஆய்வுகள் எண்ணிக்கையில் குறைவு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எனினும், ஆலோசகரைத் தேர்ந்தெடுக்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்பதற்கு இது ஒரு நல்ல குறிப்பு.

எண்ணங்களைச் சோதித்துத் திருத்தும் அந்த வேலை நடைமுறையில் எப்படி நடக்கும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் சொல்கிறேன். வருகிறவரிடம் ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம் கொடுக்கப்படும். இந்த வாரம் மாலை ஆறு மணிக்கு ஒரே தேநீர்க் கடைக்குப் போக வேண்டும். ஒரு நாளாவது கடைக்காரரிடமோ, அருகில் நிற்பவரிடமோ விலை கேட்பதைத் தாண்டி ஒரு வாக்கியம் பேச வேண்டும். போவதற்கு முன், என்ன நடக்கும் என்று நினைக்கிறாரோ அதை இடப்பக்கத்தில் எழுத வேண்டும்: "என்னை ஏற இறங்கப் பார்ப்பார், பதில் சொல்ல மாட்டார்." திரும்பி வந்தபின், நடந்ததை நடந்தபடியே வலப்பக்கத்தில் எழுத வேண்டும்: "மழை வரும்போல் இருக்கிறது என்றேன். ஆமாம், வண்டியை உள்ளே தள்ளி நிறுத்துங்கள் என்றார்." அடுத்த அமர்வில் ஆலோசகரும் அவரும் அந்த இரண்டு பக்கங்களையும் எதிரெதிரே வைத்துப் படிப்பார்கள். எழுதிய அச்சம் சில நாட்களில் உண்மையாகவே நடந்துமிருக்கும். கடைக்காரர் முகம் கொடுத்துப் பேசியிருக்க மாட்டார். அன்று கடையில் எவ்வளவு கூட்டம் இருந்தது என்பதையும் சேர்த்து அலசுவதுதான் அமர்வின் வேலை. பார்ப்பதற்குச் சிறுபிள்ளை விளையாட்டுப்போல இருக்கும். ஆனால், வெறும் ஆறுதல் மொழிகளால் அசையாத எண்ணம் இவ்வாறு அசைந்துகொடுப்பதைக் கண்டிருக்கிறேன்.

ஆகவே, முதல் சந்திப்பில் ஆலோசகரிடம் தயங்காமல் கேட்க வேண்டிய கேள்வி இதுவே: "நான் மறுபடியும் மனிதர்களோடு பழகுவதற்கு நீங்கள் எந்த முறையில் உதவுவீர்கள்?" இதற்குத் தெளிவான விடை சொல்பவர், அவர் எந்தச் சிகிச்சை முறையைப் பின்பற்றினாலும், நம்பத்தக்கவர். "வாருங்கள், மனம்விட்டுப் பேசுங்கள்" என்பதோடு நிறுத்திக்கொள்பவரிடம் எனக்குச் சிறிது ஐயம் உண்டு. பேச ஆளில்லாதவருக்கு வாரத்தில் முக்கால் மணி நேரம் கனிவாகக் கேட்கும் ஒருவர் கிடைத்துவிட்டால், அந்த முக்கால் மணி நேரமே அவருடைய மொத்த உறவாகிவிடும் ஆபத்து இருக்கிறது. கட்டணம் செலுத்திப் பெறும் துணை வெளியுலகத்துக்கு அழைத்துப்போகவில்லை என்றால், அது தனிமையை இன்னும் வசதியாக்கிவிடும். என் தொழிலைச் சேர்ந்தவர்களில் சிலர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்பது தெரிந்தே சொல்கிறேன்.

இனி, தொடங்கும் இடம். யாரிடமும் விசாரிக்க இயலாதவருக்கு மிக எளிய வாசல் தொலைபேசிதான். ஒன்றிய அரசு 2022ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் தொடங்கிய டெலி மானஸ் என்னும் தொலைபேசி மனநலச் சேவையின் எண் 14416. இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்; நேரில் பார்ப்பது அவசியமென்றால் எங்கே போவது என்றும் அவர்களிடமே கேட்டுக்கொள்ளலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எட்டிப் பார்க்கிறது என்றால், ஆலோசகரைத் தேடி முடிக்கும்வரை காத்திராமல் உடனே இந்த எண்ணை அழைக்க வேண்டும். சென்னையில் 1986 முதல் இயங்கிவரும் ஸ்நேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பையும் அழைக்கலாம்.

நேரில் போகக் கூடியவர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் காலையில் சென்று புறநோயாளிச் சீட்டு வாங்கிக்கொள்ளலாம். முதலில் மனநல மருத்துவர் பார்ப்பார். இது நல்லதுதான், ஏனென்றால் மனச்சோர்வு, தைராய்டு குறைபாடு ஆகியவையும் மனிதரை மூலையில் முடக்கக் கூடியவை. முதியவர்களைப் பொறுத்தவரை காது கேளாமையை நான் தனியாகக் குறிப்பிடுவேன்: சபையில் பேச்சுப் புரியாமல் போவதால் கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் போவதை நிறுத்திக்கொண்ட பெரியவருக்கு ஆலோசகரைவிடக் காதுக் கருவியே முதலில் தேவைப்படலாம். அரசு மருத்துவமனையின் கூட்டத்தில் வாராவாரம் நீண்ட அமர்வு கிடைப்பது கடினம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப் பெயரையே கேலிச் சொல்லாக்கி வைத்திருக்கும் நாம், 1794இல் தோன்றிய மனநலக் காப்பகத்தின் இன்றைய வடிவமே அங்குள்ள மருத்துவமனை என்பதையும், அங்கும் புறநோயாளிகள் வந்து பார்த்துவிட்டு அன்றே வீடு திரும்புகிறார்கள் என்பதையும் மறந்துவிடுகிறோம்.

தனியாரிடம் செல்வதானால் படிப்பைப் பற்றிக் கேட்பதில் தவறில்லை. மருத்துவ உளவியலாளர்கள் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றவர்கள். பதிவு எண்ணைக் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம். ஆலோசகர் என்று பலகை வைத்திருப்பவர்களின் பயிற்சியோ முதுகலைப் பட்டத்திலிருந்து சில வாரச் சான்றிதழ் வரை பலவிதமாக இருக்கும். கட்டணம் எவ்வளவு, எத்தனை அமர்வுக்கு ஒருமுறை முன்னேற்றத்தைச் சேர்ந்து பரிசீலிப்போம் என்பவற்றையும் தொடக்கத்திலேயே பேசிக்கொள்வது நல்லது. சிற்றூர்களில், காத்திருப்போர் வரிசையில் தெரிந்தவர் பார்த்துவிடுவாரோ என்ற அச்சம் நியாயமானது. அவர்களுக்குக் காணொளி அமர்வு ஏற்றது. ஆனால், வீட்டைவிட்டு வெளியேறுவதே சிகிச்சையின் பாதி என்னும் நிலையில் இருப்பவர் சில அமர்வுகளுக்குப் பின் நேரில் செல்லத் தொடங்குவதே சிறந்தது. மனநலச் சிகிச்சை பெறுபவரின் தகவல்கள் இரகசியமாகக் காக்கப்பட வேண்டும் என்பதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் உரிமையாகவே தந்திருக்கிறது; அழைத்து வந்த அண்ணனோ அத்தையோ கேட்டாலும், ஆலோசகர் பொதுவாக உங்கள் சம்மதமின்றிச் சொல்லக் கூடாது.

நான்கைந்து அமர்வுகளுக்குப் பிறகும் ஒட்டவில்லை என்றால் ஆலோசகரை மாற்றலாம். தனித்திருப்பவர்கள் இந்த இடத்தில்தான் பெரும்பாலும் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுகிறார்கள். அப்படி நிற்பதற்குப் பதிலாக, "நீங்கள் சொல்வது எனக்குப் பயன்படவில்லை" என்று அவரிடமே நேரில் சொல்லிப் பாருங்கள். தேர்ந்த ஆலோசகர் அதற்காக முகம் சுளிக்க மாட்டார். முறையை மாற்றுவார், அல்லது வேறொருவரின் பெயரை எழுதித் தருவார்.

நன்றி, வணக்கம்.