10 ஆட்டம், 8 தோல்வி... நாட்டின் சிறந்த வீரர் கோப்பை மட்டும் இவருக்கு! எப்படி?

(திரை முழுக்க ஒரே எண்: 2 – 8)

வணக்கம் மக்களே! பத்து ஆட்டம் ஆடி இரண்டில் மட்டும் ஜெயித்த ஒரு கல்லூரி அணி. தோற்ற எட்டில் ஒன்று 40–0, இன்னொன்று 48–8. இந்த அணியில் ஆடிய ஒருவருக்கு, அதே வருடம், நாட்டிலேயே சிறந்த கல்லூரி வீரர் என்று கோப்பை கொடுத்தார்கள் என்றால் நம்புவீர்களா?

கொடுத்தார்கள். வருடம் 1956. இடம் அமெரிக்காவின் இண்டியானா மாநிலம், நோட்டர் டேம் பல்கலைக்கழகம். வீரர் பால் ஹார்னங். கோப்பையின் பெயர் ஹைஸ்மன். 1935-லிருந்து கொடுக்கிறார்கள். ஜெயித்ததைவிட அதிகம் தோற்ற அணியில் இருந்துகொண்டு அதை வாங்கியவர் இன்றுவரை இவர் ஒருவர்தான்.

முன்கதையை வேகமாக முடித்துவிடுகிறேன். இது நாம் ஆடும் ஃபுட்பால் இல்லை, முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற அமெரிக்க ஃபுட்பால். நோட்டர் டேம் சாதாரண அணியும் இல்லை. ஃபிராங்க் லேஹி பயிற்சியாளராக இருந்தபோது நான்கு முறை தேசிய சாம்பியன். 1954-இல் அவர் இடத்துக்கு டெரி பிரென்னன் வந்தார். வயது 25! முதல் வருடம் 9–1, அடுத்த வருடம் 8–2. மூன்றாவது வருடம்தான் நம் கதை. 1933-க்குப் பிறகு அந்தப் பல்கலைக்கழகம் பார்த்த முதல் தோல்வி சீசன். எடுத்தது 130 புள்ளி, கொடுத்தது 289. அவ்வளவுதான் முன்கதை.

இப்போது எனக்குப் பிடித்த இடம். கபடியில் ரெய்டு போய்விட்டுத் திரும்புகிறவர், "என் வேலை முடிந்தது" என்று வெளியே போய் உட்கார முடியாது இல்லையா? எதிரணி ஆள் ஏறி வந்தால் அவரும் சேர்ந்துதான் பிடிக்க வேண்டும். 1956-இல் கல்லூரி ஃபுட்பாலும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது. இன்று தாக்குவதற்கு ஒரு கூட்டம், தடுப்பதற்கு ஒரு கூட்டம், உதைப்பதற்கு மட்டும் தனியாக ஒருவர். அன்று நினைத்தபோதெல்லாம் ஆள் மாற்ற விதி இடம் தரவில்லை. களத்தில் இறங்கிய பதினொரு பேரும் தாக்கவும் வேண்டும், தடுக்கவும் வேண்டும்.

அதனால் ஹார்னங் செய்யாத வேலையே கிடையாது. பந்தை எறிந்தார், தூக்கிக்கொண்டு ஓடினார், உதைத்தார், எதிரணி உதைத்த பந்தைப் பிடித்துத் திருப்பி ஓடினார், தடுப்பிலும் நின்று ஆளைச் சாய்த்தார். அணியில் அதிக தூரம் எறிந்தவர், அதிக தூரம் ஓடியவர், அதிக புள்ளி எடுத்தவர் மூன்றும் அவரே. கல்யாண வீட்டில் பந்தலும் போட்டு, பந்தியும் பரிமாறி, கடைசியில் பாத்திரமும் கழுவுகிற அந்த ஒரு தாய்மாமன் இருப்பாரே, அவர்தான்! சீசனின் கடைசி ஆட்டத்தில், தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு எதிராக, 95 யார்டு ஓடி ஒரு டச்டவுன் போட்டார், அதாவது பந்தோடு எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுத்தார். அந்த ஆட்டமும் தோல்விதான். 28–20.

ஆனால் மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். அந்த வருடம் அவர் எறிந்து கிடைத்த டச்டவுன் 3. அவர் எறிந்து எதிரணி கைக்குப் போன பந்து 13. கோப்பை வாங்குகிற கணக்கா இது?

(திரையில் வாக்குப் பட்டியல்)

அப்புறம் எப்படி ஜெயித்தார்? தேர்தல் நாளில் டிவி முன்னாலேயே உட்கார்ந்திருப்பவர்களுக்கு இது உடனே புரியும். ஓட்டு பிரிந்தது! வாக்களிப்பவர் ஒவ்வொருவரும் மூன்று பெயர் எழுதுவார். முதல் பெயருக்கு 3 புள்ளி, இரண்டாவதற்கு 2, மூன்றாவதற்கு 1. அதிகம் பேர் முதலிடம் கொடுத்தது யாருக்கு? ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தின் டாமி மெக்டொனால்டுக்கு, 205 பேர். ஹார்னங்குக்கு 197. ஆனால் மெக்டொனால்டின் சொந்த அணியிலேயே ஜெர்ரி டப்ஸ் என்று இன்னொருவர் போட்டியில் இருந்தார். ஓக்லஹோமா ஓட்டு இரண்டாக உடைந்தது. இரண்டாம், மூன்றாம் இடங்களைச் சேர்த்துக் கூட்டினால் ஹார்னங் 1,066. டென்னசியின் ஜானி மேஜர்ஸ் 994. மெக்டொனால்டு 973, மூன்றாவது இடம்! டப்ஸ் 724, நான்காவது.

இதில் கூத்து என்னவென்றால், நோட்டர் டேமை அதன் சொந்த மைதானத்திலேயே 40–0 என்று வெளுத்தது இதே ஓக்லஹோமாதான். அந்த சீசனில் அவர்கள் ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை.

ஐந்தாவது இடத்தில் யார் தெரியுமா? சிரக்யூஸின் ஜிம் பிரவுன். கோல்கேட் பல்கலைக்கழகத்துக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் தனி ஆளாக 43 புள்ளி எடுத்தவர். அவருக்குக் கிடைத்தது 561. பிரவுன் கறுப்பினத்தவர். அதுவரை கறுப்பின வீரர் யாருக்கும் ஹைஸ்மன் போனதில்லை, 1961 வரை போகவும் இல்லை. என்னைக் கேட்டால் அந்த வருடக் கோப்பை பிரவுனுடையது. நோட்டர் டேம் என்ற பெயர் மட்டும் இல்லாமல் இருந்தால் 2–8 அணியிலிருந்து ஒருவரை யாராவது திரும்பிப் பார்த்திருப்பார்களா? ஹார்னங் ரசிகர்கள் கமெண்டில் வந்து திட்டுங்கள், பரவாயில்லை. அப்படியே ஒரு லைக்கும் போட்டுவிட்டுத் திட்டுங்கள்.

அடுத்த வருடம் ஹார்னங் இல்லாத நோட்டர் டேம், 47 ஆட்டம் தொடர்ந்து ஜெயித்து வந்த ஓக்லஹோமாவை அவர்கள் ஊரான நார்மனிலேயே 7–0 என்று நிறுத்தியது. அப்படியும் 1958 கிறிஸ்துமஸுக்குச் சில நாள் முன்னால் பிரென்னனை வேலையை விட்டு அனுப்பினார்கள்.

பிரவுன் கட்சிக்காரனான நான் மறைக்க நினைத்த ஒரு விஷயம் உண்டு. 1966 ஜனவரி 2. தொழில்முறை லீக்கின் இறுதிப் போட்டி. கிரீன் பே ஊரில், சேறும் சகதியுமான மைதானம். ஒரு பக்கம் கிளீவ்லாண்டுக்கு பிரவுன், மறுபக்கம் கிரீன் பேக்கு ஹார்னங். லீக்கில் பிரவுன் ஆடிய கடைசி ஆட்டமும் அதுதான். பிரவுன் ஓடியது 50 யார்டு. ஹார்னங் 105, கூடவே ஒரு டச்டவுன். கிரீன் பே 23, கிளீவ்லாண்ட் 12.

சரி, திட்டுகிறவர்கள் ஆரம்பிக்கலாம்.