கப்பல் பட்டத்துக்குள் மோட்டார் இருக்கிறதா?

அடுத்த கேள்வி தஞ்சாவூரில் இருக்கும் ஒரு நேயருடையது. "யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலன்று கப்பல், யானை, விமானம் எல்லாம் பட்டமாகப் பறக்கிற வீடியோ பார்த்தேன். அவ்வளவு பெரிய உருவம் வெறும் காற்றில் ஏறுமா? உள்ளே மோட்டாரோ ட்ரோனோ வைக்கிறார்களா? நேரில் பார்க்க எப்போது வர வேண்டும்?" என்று கேட்கிறார்.

சரி, முதலில் மோட்டார் சந்தேகம். இப்படி உருவங்களாகச் செய்கிற விசித்திரப் பட்டத்தை ஏற்றுவது காற்றும் கயிறும்தான். விளக்கு எரியப் பற்றரி வைப்பார்கள், அது அலங்காரத்துக்கு. யானை காதை ஆட்டுகிறதே என்றால், உடம்பில் எங்காவது காற்றில் சுழல்கிற ஒரு சின்ன விசிறியைப் பொருத்தி, அது சுற்றுகிற வேகத்தில் கம்பியைத் தள்ளி இழுக்க வைத்தாலே போதும்.

எடையைப் பார்த்துத்தான் எல்லோரும் மலைக்கிறார்கள். பார்க்க வேண்டியது பரப்பை. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகக் காற்று, நேர் எதிரே பிடித்த ஒரு சதுர மீட்டர் துணியில் ஏறக்குறைய 2 கிலோ எடைக்குச் சமமாக அழுத்தும். வேகம் 40 ஆனால் அழுத்தம் இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு. ஏழரைக் கிலோவுக்கு வந்துவிடும். மூங்கிலைச் சீவி மெல்லிசாகக் கட்டிய கூட்டுக்கு இது தாராளம்.

அப்புறம் உருவம். கப்பலை அப்படியே செய்து கயிறு கட்டினால் பறக்காது. கப்பலுக்குள் ஒரு பட்டம் ஒளிந்திருக்க வேண்டும். பெட்டிப் பட்டம் தெரியும்தானே, 1893இல் ஆஸ்திரேலியாவில் லாரன்ஸ் ஹார்கிரேவ் செய்தது? அதன் கிடைத்தளங்கள் தூக்கும், பக்கச் சுவர்கள் பட்டத்தைக் குடைசாயாமல் பிடிக்கும். கப்பலின் வயிற்றுக்குள் அப்படி இரண்டு மூன்று பெட்டிகளை அடக்கிவிட்டால் பாய்மரம், கொடி எல்லாம் அதன் மேல் ஏறிப்போகிற சாமான்கள். சாமான் கூடக் கூடக் காற்று பட்டத்தைப் பின்னுக்குத் தள்ளும். அதனால்தான் எட்டுமூலைப் பட்டமோ கொக்குப் பட்டமோ உச்சிக்குப் போய், காற்றில் அதிர்ந்து ஒலிக்கிற விண் நாடா கூவிக்கொண்டிருக்க நிற்க, விசித்திரப் பட்டம் தாழவே நிற்கிறது.

என்னைக் கேட்டால் மெய்யான வித்தை முச்சையில்தான் இருக்கிறது. பட்டத்தின் மேலும் கீழும் கட்டிய நூல்கள் கயிற்றோடு சேருகிற கட்டு அது, உங்கள் பக்கம் சூத்திரம் என்பீர்கள். கடற்கரையில் நாலு பேர் பட்டத்தைத் தூக்கிப் பிடித்திருக்க, ஒருவர் மட்டும் முச்சை முடிச்சைப் பல்லால் கடித்து இளக்கி, ஒரு விரல்கடை நகர்த்தி, மறுபடி இறுக்கிக்கொண்டிருப்பார். மேல்நூலைச் சுருக்கினால் பட்டம் படுத்து, இழுவை குறையும். பலத்த காற்றுக்கு அது. நீட்டினால் நிமிர்ந்து காற்றை நிறைய வாங்கும். மாதக்கணக்கில் வேலை செய்த பட்டம் மேலே போகிறதா, மணலில் குத்துகிறதா என்பது பெரும்பாலும் அந்த ஒரு விரல்கடையில் முடிவாகும்.

இடமும் வாய்த்த இடம். மார்கழி, தை மாதங்களில் வாடைக்காற்று கடலிலிருந்து நேரே கரைக்கு வரும். குறுக்கே வீடும் இல்லை, பனையும் இல்லை. அதனால் சுழலாமல் சீராக அடிக்கும். ஊருக்கும் கயிறு, பாய் எல்லாம் பழக்கம். 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தைப் போய்ச் சேர்ந்த அன்னபூரணி பாய்க்கப்பல் இங்கே கட்டியதுதான். அந்த ஊர்க்காரர் கப்பலைப் பட்டமாக ஏற்றுவதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

வருவதென்றால் பொங்கலன்று, ஜனவரி 14 அல்லது 15, பிற்பகலில் உதயசூரியன் கடற்கரைக்கு வாருங்கள். சனம் ஆயிரக்கணக்கில் கூடும், வெள்ளெனவே இடம் பிடியுங்கள். கடலுக்கு முதுகு காட்டி நில்லுங்கள், பட்டங்கள் கரைப்பக்கம்தான் நிற்கும். பிள்ளைகளைக் கயிற்றுக்குக் கிட்ட விடாதீர்கள். 2021 டிசம்பரில் பருத்தித்துறையில் ஒரு பெரிய பட்டம், கயிற்றை விடாமல் பிடித்திருந்த ஓர் இளைஞரையே மேலே தூக்கிப் போய்விட்டது. மற்றவர்கள் கையை விட்டுவிட்டார்கள், இவர் விடவில்லை. நல்ல காலம், உயிர் தப்பினார். அந்த வீடியோவையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதிலும் மோட்டார் இல்லை.